அம்மா சொன்ன எட்டும், அப்புறம் சொன்ன பத்தும்

வணக்கம் மக்களே, இப்போ இலங்கை மலைநாட்டுல பொகவந்தலாவ பக்கம் நம்ம தேயிலைத் தோட்டத்து பீலிக்கரைக்கு மேல நிக்கிறேன், பனி ஏறுது அதனால பின்னால ஒண்ணும் தெரியாது, சத்தம் கேக்குதான்னு மட்டும் சொல்லுங்க. இன்னைக்கு சந்தோஷத்த எப்படி அளக்குறாங்கன்னு கதைக்கலாம்னு வந்தேன்.

மார்ச் மாசமானா உலக மகிழ்ச்சி அறிக்கைன்னு நியூஸ்ல வரும்ல, 2018ல இருந்து ஃபின்லாந்துதான் மொத எடம்னு. அந்த வரிசைக்கு அடியில இருக்குறது ஒரே ஒரு கேள்விங்க. ஒரு ஏணிய நெனச்சுக்கோங்க, அடியில 0, உச்சியில 10, உச்சின்னா உங்களுக்கு கிடைக்கக்கூடிய ஆக நல்ல வாழ்க்கை, இப்போ எந்தப் படியில நிக்கிறீங்க? கான்ட்ரில்னு ஒரு அமெரிக்கர் 1965ல போட்ட ஏணி.

அம்மாகிட்ட கேட்டேன். முப்பது வருஷமா கொழுந்து எடுக்குறாங்க, இருக்குறது லயத்துல, வரிசையா ஒட்டிக் கட்டின தோட்டத்து வீடு, ஒரு காம்பரா, அதான் ஒரு அறை, முன்னால ஒரு இஸ்தோப்பு. யோசிக்கவே இல்ல, "எட்டுன்னு போட்டுக்கோ, கூரை ஒழுகல, நீயும் படிச்சிட்ட, வேற என்னா வேணும்"னாங்க. எனக்கு தொண்டை அடைச்சிருச்சு. அந்த எட்டு பொய்யில்ல, ஆனா அத அப்படியே எழுதி மேல அனுப்பினா தோட்டத்து சனம் நல்லாத்தான் இருக்குன்னு ஃபைல மூடிருவாங்க. இல்லாமையிலயே பழகினவங்க ஆசையையும் சுருக்கிக்கிடுவாங்க, திருப்திய மட்டும் வச்சு அளக்காதீங்கன்னு பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் சொல்லிட்டே வந்தது இதத்தான்.

அப்ப கேக்கவே வேணாமா? கேக்கணும். அதே சென் இருந்த, பிரான்ஸ் அரசாங்கம் போட்ட ஸ்டிக்லிட்ஸ் கமிஷன்தான் 2009ல, அரசாங்க புள்ளிவிபர ஆபீசுங்க இத கேட்டு எழுதணும்னு சொல்லுச்சு. பிரிட்டன்ல 2011ல இருந்து நாலு கேள்வி கேக்குறாங்க, வாழ்க்கையில திருப்தியா, செய்றது பிரயோசனமா படுதா, நேத்து சந்தோஷமா இருந்தீங்களா, நேத்து எவ்வளவு பதட்டமா இருந்தீங்க.

அந்த நாலாவத அம்மாகிட்ட கேட்டேன், இதுலயும் 0ல இருந்து 10தான், ஆனா 10ன்னா ஆகக்கூடின பதட்டம். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "பத்து"ன்னாங்க. மழைக்கு கொழுந்து சேரல, கிலோ குறைஞ்சதுன்னு அரைப்பேர், அதான் பாதி நாள் சம்பளம், போட்டுட்டாங்க, கடைக்காரருக்கு என்னா சொல்றதுன்னு ராவெல்லாம் தூக்கமில்லையாம். எனக்கு அது தெரியவே தெரியாது, அதே வீட்டுலதான் படுத்திருந்தேன்.

நம்ம புள்ளிவிபரத் திணைக்களம் நகரம், கிராமம், தோட்டம்னு பிரிச்சுத்தான் வீட்டுச் செலவு கணக்கு எடுக்குது, 2019ல நாட்டு வறுமை 14.3 வீதம், தோட்டத்துல 33.8. அந்த மாதிரி இந்த நாலு கேள்வியையும் தோட்டத்துக்குன்னு தனியா எடுங்க. எடுத்தா, சம்பளம் எவ்வளவுங்கிறது மட்டுமில்ல, நாளைக்கு முழுப்பேர், முழு நாள் சம்பளம், விழுமான்னு தெரியாம இருக்குறது ஆள எப்படி அரிக்குதுன்னும் கணக்குல வரும், அப்பதான் அதுக்கு ஒரு கொள்கை போட முடியும். தமிழ்ல கேக்கணும், அந்தியில வீட்டுக்கு வந்து கேக்கணும், காலையில வேலைக்கு ஆள் கூடுற பெரட்டுக்களத்துல, வேலைய மேற்பார்வை பாக்குற கணக்கப்பிள்ளை பக்கத்துல நிக்க யாரு பத்துன்னு சொல்லுவா?

ஹட்டன், மஸ்கெலியா, பதுளை பக்கம் பாக்குறவங்க இன்னைக்கு வீட்டுல கேட்டுப் பாருங்க. நேத்தையப் பத்தி மொதல்ல, ஏணிய அப்புறமா, ஏன்னா கேள்வி வரிசை மாறினா நம்பரும் மாறலாம். ரெண்டு நம்பரையும் கமென்ட்ல போடுங்க, பேரும் தோட்டமும் போட வேணாம்.