80 ஜிஎஸ்எம் தோற்றது, 52 ஜெயித்தது! மைப் பேனாவுக்கு விலை குறைந்த பேப்பரைக் கண்டுபிடிப்பது எப்படி?

(திரையில்: இரண்டு தாள்கள் அருகருகே. ஒரே பேனா, ஒரே நீல மை.)

இடது பக்கம் இருப்பது 80 ஜிஎஸ்எம் தாள். வலது பக்கம் இருப்பது 52 ஜிஎஸ்எம். தூக்கிப் பிடித்தால் பின்னால் என் விரல்கள் தெரிகிற அளவுக்கு மெல்லியது. இரண்டிலும் ஒரே வரியை எழுதுகிறேன். இப்போது திருப்பிப் பாருங்கள். தடித்த தாளின் பின்பக்கம் முழுக்கப் புள்ளி புள்ளியாக மை இறங்கியிருக்கிறது. மெல்லிய தாளின் பின்பக்கத்தில் எழுத்தின் நிழல் மட்டும்தான். விரலால் தேய்த்தாலும் எதுவும் ஒட்டவில்லை.

எப்படி? அதைச் சொல்லத்தான் இந்த வீடியோ.

வணக்கம் நண்பர்களே! ஆசையாக மைப் பேனா வாங்கிய பலர் கொஞ்ச நாளில் அதை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். கேட்டால் பேனா கசிகிறது, மை மட்டம் என்பார்கள். பல நேரம் பேனா மேலும் தப்பில்லை, மை மேலும் தப்பில்லை. பேப்பர்தான் காரணம். நல்ல பேப்பர் எது என்று விசாரித்தால் ரோடியா, கிளேர்ஃபோன்டேன், டொமோயே ரிவர் என்று பெயர்கள் வரும். இப்போது பார்த்தீர்களே, அந்த 52 ஜிஎஸ்எம் தாள், அது டொமோயே ரிவர்தான். அருமையான பேப்பர்கள், மறுபேச்சே இல்லை. ஆனால் வகுப்புக் குறிப்பு, வீட்டுக் கணக்கு, அலுவலக வேலை, சும்மா கிறுக்குவது என்று தினமும் எழுதுவதற்கு அந்த விலை கட்டுப்படியாகாது. பக்கம் தீர்ந்துவிடுமே என்று கை கூசிக் கூசி எழுதுவதில் எனக்கு விருப்பமே இல்லை. பக்கம் பக்கமாக எழுதித் தள்ள ஒரு பேப்பர் வேண்டும்.

கோளாறு மூன்று வகை. எழுத்தின் ஓரத்தில் மை இழை இழையாகக் கிளம்பினால் பரவல். தாளைத் துளைத்து மறுபக்கம் வந்தால் ஊறல். மை வராமல் எழுத்து மட்டும் மங்கலாகத் தெரிந்தால் நிழல். நிழலைப் பற்றி நான் அலட்டிக்கொள்வதில்லை. மெல்லிய தாள் என்றால் தெரியத்தான் செய்யும். மற்ற இரண்டும்தான் நமக்கு எதிரி.

சரி, அட்டையில் பெரிதாகப் போடுகிறார்களே, அந்த ஜிஎஸ்எம்? ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம் என்பதுதான் அது. பதினாறு ஏ4 தாள்களைப் பரப்பினால் ஒரு சதுர மீட்டர் வரும். ஆக, 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். 500 தாள் கொண்ட கட்டு இரண்டரைக் கிலோ. இதில் எடை தெரிகிறது. தாள் மையைக் குடிக்குமா, தாங்குமா என்று தெரியவே தெரியாது.

அதைத் தீர்மானிப்பது கஞ்சி!

(திரையில்: உருப்பெருக்கியில் தெரியும் காகித நார்கள்.)

காகிதம் என்பது செல்லுலோஸ் நார்களின் பின்னல். அந்த நார்களுக்கும் தண்ணீருக்கும் அவ்வளவு நெருக்கம். இடையில் இருக்கும் நுண்ணிய இடைவெளிகள் தண்ணீரைத் தாமாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். மைப் பேனாவின் மை பெரும்பகுதி தண்ணீர்தான். கூடவே சாயமும், தடையில்லாமல் ஓடுவதற்கான சில சேர்மானங்களும் இருக்கும். பால்பாயிண்ட் மை அப்படியில்லை. எண்ணெய்ப்பதமான குழம்பு அது, மேலாகவே உட்கார்ந்துவிடும். பால்பாயிண்டில் அழகாக எழுத வரும் நோட்டு நம் பேனாவிடம் வந்ததும் காலை வாரிவிடுவது இதனால்தான்.

துணிக்குக் கஞ்சி போடுகிறோம் இல்லையா, பேப்பருக்கும் போடுகிறார்கள். தொழிலில் இதற்கு சைஸிங் என்று பெயர். இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் தாளின் இரண்டு முகத்திலும் ஸ்டார்ச் கரைசலைப் பூசி, உருளைகளுக்கு நடுவே அழுத்தி உலர்த்துவார்கள். அது போக, தாளாக மாறுவதற்கு முன்பே கூழிலும் தண்ணீரை விலக்கும் ஒரு பொருளைக் கலப்பார்கள். இந்த இரண்டும் ஒழுங்காக நடந்திருந்தால் மை மேலேயே நின்று நிதானமாகக் காயும். இதில் மிச்சம் பிடித்திருந்தால், தாள் எத்தனை தடிமனாக இருந்தாலும் மை உள்ளே ஓடிவிடும்.

இதன் வரலாறு எனக்கு மிகவும் பிடித்த விஷயம், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பழைய ஐரோப்பியப் பட்டறைகளில் ஸ்டார்ச்சுக்குப் பதில் ஜெலட்டின். விலங்குத் தோல் துண்டுகளைக் கொதிக்கவைத்து எடுத்த பசை. செய்து முடித்த தாள்களைக் கத்தையாகப் பிடித்து அந்தச் சூடான பசையில் முக்கி எடுத்து, அழுத்தி, ஒவ்வொன்றாகப் பிரித்து உலரப்போட வேண்டும். ஈரத்தாள் கையோடு கிழியும். கிழிந்து வீணான தாள்கள் ஏராளம். அந்த அறைக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் என்ன தெரியுமா? கசாப்புக்கூடம்! இறகு முனையில் எழுதிய கடிதங்கள் நூற்றாண்டுகள் தாண்டியும் கூர்மை குலையாமல் இருக்கின்றனவே, அதில் இந்த வேலைக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது!

1807இல் ஜெர்மனியைச் சேர்ந்த மோரிட்ஸ் இல்லிக் என்ற காகிதக்காரர் வேறு வழியை வெளியிட்டார். தாளை முக்குவானேன், கூழிலேயே மரப்பிசினையும் படிகாரத்தையும் கலந்துவிடலாமே என்றார். கசாப்புக்கூடம் இல்லாமலே எழுதும் காகிதம் மலிவாகக் கிடைக்க வழி பிறந்தது. ஆனால் படிகாரத்தால் காகிதத்தில் அமிலம் ஏறியது. நூலகங்களில் 19ஆம் நூற்றாண்டுப் புத்தகங்கள் பழுப்பேறி, தொட்டாலே நொறுங்குவதற்கு ஒரு முக்கியக் காரணம் அதுதான். பிற்பாடு அமிலம் தேவைப்படாத ரசாயனங்கள் வந்தன. இன்றைய ஏ4 கட்டுகள் பெரும்பாலும் அந்த வகை.

ஒரு தாள் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பதை ஆலைகள் அளந்துதான் பார்க்கின்றன. காப் சோதனை என்று பெயர். தாளின் மேல் தண்ணீரை நிறுத்தி, வழக்கமாக 60 விநாடி கழித்து, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் உள்ளே போனது என்று எடை போடுவார்கள். நமக்கு வேண்டிய எண் இதுதான்! இதை அட்டையில் அச்சிட்ட ஒரு நோட்டைக்கூட நான் பார்த்ததில்லை. நோட்டுத் தயாரிப்பாளர்கள் யாராவது இந்த வீடியோவைப் பார்த்தால், தயவுசெய்து ஜிஎஸ்எம்முக்குப் பக்கத்தில் அதையும் போடுங்கள். உங்கள் நோட்டை வரிசையில் நின்று வாங்குவோம்.

அதுவரைக்கும் நாமே சோதிக்க வேண்டியதுதான். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி இருக்கிறது.

(திரையில்: நிப்பு நெருக்கத்தில். தாளில் 'ண', 'ஞ', 'ஐ'.)

உங்களிடம் இருப்பதிலேயே பட்டையான நிப்பை எடுங்கள். வழக்கமாக எழுதும் அளவில் ண, ஞ, ஐ மூன்றையும் எழுதுங்கள். சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளையைப் பாருங்கள். நல்ல பேப்பரில் ஒவ்வொரு சுழியும் திறந்தே இருக்கும். மோசமான பேப்பரில் 'ண' அடைத்துக்கொண்டு ஒரு மைக்கட்டியாகிவிடும். கைபேசி கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் ஓரத்தில் கிளம்பும் இழைகூடத் தெரியும்.

அப்புறம் புள்ளி. க், ம், ன் என்று மெய்யெழுத்துகளாக ஒரு வரி எழுதுங்கள். புள்ளி வைக்கும்போது நிப்பு நகராமல் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் மை ஒரே இடத்தில் இறங்குகிறது. ஊறுகிற தாள் முதலில் மாட்டிக்கொள்வது இங்கேதான். தொடக்கத்தில் காட்டினேனே, தடித்த தாளின் பின்பக்கம், அந்தப் பொட்டுகள் அத்தனையும் புள்ளி வைத்த இடங்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை புள்ளி வைக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். இணையத்தில் ஆங்கில எழுத்தை வைத்துச் செய்யும் சோதனையில் தேறிய நோட்டு நம் கையில் தோற்றால் ஆச்சரியமில்லை. தமிழில் எழுதப்போகிற நோட்டைத் தமிழில் எழுதித்தான் சோதிக்க வேண்டும்.

தாளின் மறுபக்கத்திலும் இதையே செய்யுங்கள். மலிவான பேப்பரில் இரண்டு முகமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ரூல் போட்ட நோட்டு என்றால் கோட்டின் மேலேயே ஒரு கோடு இழுங்கள். சில நோட்டுகளில் அச்சு மை தண்ணீரை ஒட்டவிடாது, கோட்டைத் தொடும் இடமெல்லாம் எழுத்து விட்டுவிட்டு வரும்.

எங்கே தேடலாம்? முதல் இடம் ஏ4 கட்டுகள். லேசர் பிரிண்டருக்கான வழவழப்பான 90, 100 ஜிஎஸ்எம் தாள்களில் நல்ல பேப்பர் அடிக்கடி சிக்கும். அமெரிக்காவில் பேனாப் பிரியர்கள் ஆண்டுக்கணக்காகக் கொண்டாடுவது 120 ஜிஎஸ்எம் எச்பி லேசர் பேப்பரைத்தான். தாள் கணக்கில் பார்த்தால் நல்ல நோட்டுகளைவிட எவ்வளவோ மலிவு. பாதியாக மடித்துத் தைத்துக்கொண்டால் நோட்டாகிவிடும். போட்டோ அச்சிடும் பூச்சுத் தாள் பக்கம் போகாதீர்கள், மையைக் குடிப்பதற்கென்றே செய்தது அது.

இரண்டாவது, கரும்புச் சக்கையில் செய்த பேப்பர். மைப் பேனாக்காரர்களிடம் இதற்கு நல்ல பெயர் உண்டு. நார்கள் நெருக்கமாகப் படிந்து தாள் இறுக்கமாக அமைகிறது. எனக்கும் தினப்படி எழுத்துக்கு இதுதான் பிடித்தம். மறுசுழற்சிப் பேப்பரில் சில நன்றாக இருக்கும், பல இருக்காது. சோதிக்காமல் வாங்க வேண்டாம்.

எது என்றாலும் ஒன்று வாங்கிச் சோதித்த பிறகு மொத்தமாக வாங்குங்கள். அப்போதும் அதே சரக்கிலிருந்தே கேட்டு வாங்குங்கள். ஒரே பெயர், ஒரே அட்டை, உள்ளே வேறு பேப்பர் என்பது விலை குறைந்த நோட்டுகளில் சகஜம்.

ஏற்கனவே அடுக்கி வைத்திருக்கும் நோட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். நிப்பை மெலிதாக்குங்கள், மையை மாற்றுங்கள். பெலிக்கன் 4001 போல அடக்கமாக ஓடும் மை பல சுமாரான நோட்டுகளைக் காப்பாற்றிவிடும். எழுதும் கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள்ளுங்கள், விரலின் எண்ணெய் பட்ட இடத்தில் மை பிடிக்காது.

இடது கைக்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கஞ்சி நன்றாக ஏறிய தாளில் மை காய நேரம் எடுக்கும். டொமோயே ரிவரில் அரை நிமிடம்கூட ஆகலாம், அதற்குள் உங்கள் கை அதன் மேல் போய்விடும். மை கொஞ்சம் சீக்கிரம் உள்ளே இறங்கும் சாதாரண ஏ4 தாள்தான் உங்களுக்கு வசதி.

இப்போது உங்கள் முறை. கையில் இருக்கும் நோட்டில் ண, ஞ, ஐ எழுதிப் பார்த்துவிட்டு, பேப்பரின் பெயர், நிப்பின் அளவு, மையின் பெயர் மூன்றையும் கமெண்டில் போடுங்கள். நிப்பையும் மையையும் சொல்லாமல் "நல்ல பேப்பர்" என்று மட்டும் போட்டால் அடுத்தவருக்குப் பயன்படாது. வருகிற பதில்களைத் தொகுத்து, அதிகம் பேர் பரிந்துரைத்த பேப்பர்களை அடுத்த வீடியோவில் புள்ளிச் சோதனைக்கு உட்படுத்துகிறேன்.