அந்த ஓர் அங்குலம் எங்கே போகிறது?

நேயர்களுக்கு வணக்கம். காரைத் தாழ்த்தி அகலமான வீல் மாட்டினால் எங்கே உரசும் என்பதுதான் இன்றைய பேச்சு. செங்கோட்டையில் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். அங்கிருந்து மேற்கே போனால் புளியரை, எஸ் வளைவு, கோட்டைவாசல், அதைத் தாண்டினால் ஆரியங்காவு. அதனால் என் பட்டறை வாசலில் தமிழ்நாட்டுப் பதிவெண்ணும் கேரளப் பதிவெண்ணும் கலந்தே நிற்கும். ஸ்பிரிங்கை மாற்றித் தரையோடு தரையாக இறக்கிய கார்கள் முதலில் புனலூர்ப் பக்கமிருந்துதான் வந்தன. இப்போது தென்காசிப் பையன்களும் இறக்குகிறார்கள். நான் யாரையும் குறை சொல்லப் போவதில்லை. இருபத்தைந்து வயதில் நானே செய்தவன்தான்.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய கார் ஒன்று வாங்கி, ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை வெட்டி எடுத்துவிட்டு, அகலமான அலாய் வீல் நான்கு மாட்டினேன். பட்டறைத் தரையில் நின்றபோது அவ்வளவு அழகு. மறுநாள் மச்சான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தென்மலைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். எஸ் வளைவில் இறங்கும்போது ரப்பர் கருகும் வாடை. முன்னால் போகிற காய்கறி லாரியின் பிரேக் என்று நினைத்துக்கொண்டேன். கீழே வந்து பார்த்தால், பின் டயரின் வெளித்தோளில் விரல் அகலத்துக்கு வழவழவென்று ஒரு பட்டை. மட்கார்டின் உள்மடிப்பில், பள்ளிக்கூடப் பிள்ளை அழிரப்பர் தேய்த்ததுபோல், கறுப்புத் துகள் சுருண்டு சுருண்டு ஒட்டியிருந்தது. இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் அந்த மடிப்பின் தகடு டயரைக் கிழித்திருக்கும்.

முந்தின நாள் உரசாதது அன்று ஏன் உரசியது? இது புரிந்தால் பாதி விஷயம் முடிந்தது. காரைத் தாழ்த்துவதால் சக்கரம் புதிய இடம் எதற்கும் போவதில்லை. முன்பு எப்போதாவது பெரிய பள்ளத்தில் மட்டும் ஏறிப்போன உயரத்துக்கு இப்போது சின்ன மேட்டிலேயே ஏறிவிடுகிறது. நாற்பது மில்லிமீட்டர் தாழ்த்தினால், மேலே ஏற இருந்த தூரத்தில் நாற்பதை முன்கூட்டியே செலவழித்துவிட்டோம் என்று பொருள். ஆகவே கடை வாசலில், ஆளில்லாத காரில் வீலை மாட்டிப் பார்த்து, 'எங்கும் இடிக்கவில்லை அண்ணாச்சி' என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

இனி வீல். வாங்குகிறவர்கள் எத்தனை அங்குல உயரம் என்று மட்டும் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது ஆஃப்செட். ரிம்மின் அகலத்துக்குச் சரிபாதியில் ஒரு கோடு கிழித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஹப்பில், அதாவது சக்கரத்தை மாட்டும் அச்சுமுனையில், ஒட்டி உட்காரும் வீலின் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறதோ, அதுதான் ஆஃப்செட். எண் குறையக் குறைய வீல் வெளியே வரும்.

உதாரணத்துக்கு, காரோடு வந்த ரிம் ஆறு அங்குல அகலம், ஆஃப்செட் 45. ஆசைப்பட்டு வாங்கியது ஏழு அங்குலம், ஆஃப்செட் 35. கூடிய ஓர் அங்குலம் எங்கே போகிறது? ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், இருபக்கமும் பாதிப்பாதி, அதாவது 12.7. ஆஃப்செட் பத்து குறைந்ததால் வெளிப்பக்கம் பத்து கூடும், உள்பக்கம் பத்து குறையும். முடிவில் உள்ளே வெறும் 2.7 மில்லிமீட்டர்தான் போகிறது, வெளியே 22.7 வந்து நிற்கிறது. மட்கார்டுக்கு அடியில் அந்த இடம் இருக்கிறதா என்று நூல் குண்டு தொங்கவிட்டு அளந்த பிறகு பணத்தை எடுங்கள். அதே ஏழு அங்குலத்தை ஆஃப்செட் 45-இல் வாங்கினால் இரண்டு பக்கமும் 12.7 போகும்; அப்போது உள்ளே ஷாக் அப்சார்பரை இடிக்குமா என்று பார்க்க வேண்டும். அங்கே சுண்டுவிரலாவது நுழைய வேண்டும் என்பது என் கணக்கு.

டயர் அளவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 185/65 ஆர் 15 என்றால் அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம். அந்த டயரின் மொத்த உயரம் 621.5 மில்லிமீட்டர். ரிம்மைப் பதினாறாக்கி 195/55 போட்டால் 620.9. ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. அதே பதினாறில் 205/55 போட்டால் 631.9 ஆகிவிடும். 195-ஐவிட உயரம் பதினொரு மில்லிமீட்டர் கூடுதல், அகலமும் பத்து மில்லிமீட்டர் கூடுதல். தாழ்த்தாத காரில் தப்பித்துவிடலாம். தாழ்த்திய காரில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் முன்சக்கரம் பிளாஸ்டிக் உறையை உரசும். டயரின் பக்கத்தில் அளவுக்கு அடுத்திருக்கும் எண்ணையும் படியுங்கள். அது தாங்கும் எடை. 88 என்றால் ஒரு டயருக்கு 560 கிலோ, 84 என்றால் 500 கிலோ. கார்த்திகையில் ஐந்து சாமிமாரும் இருமுடிகளும் ஏறும்போது அந்த அறுபது கிலோ பெரிய விஷயம்.

போல்ட் துளைக் கணக்கைக் கடைக்காரரே பார்த்துவிடுவார். நடுத்துளையை மட்டும் விட்டுவிடுவார். மாருதியின் பல சின்னக் கார்களில் நான்கு துளை, அவை அமையும் வட்டத்தின் விட்டம் நூறு மில்லிமீட்டர் என்று எல்லாருக்கும் தெரியும். அவற்றில் ஹப்பின் விட்டம் 54.1 மில்லிமீட்டர் என்பது பலருக்குத் தெரியாது. வெளியில் வாங்கும் வீலில் நடுத்துளை பெரிதாக இருக்கும். இடைவெளியை நிரப்பும் வளையம் போடாவிட்டால் வேகம் எடுத்ததும் ஸ்டியரிங் நடுங்கக்கூடும். பிறகு என்னிடம் வந்து மூன்று முறை பேலன்சிங் செய்யச் சொல்வார்கள்.

மாட்டிய பிறகு ஒரு சோதனை. நான்கு பேரை உட்கார வையுங்கள், டிக்கியில் ஓர் அரிசி மூட்டை. டயரின் தோள்களில் சாக்பீஸை அழுத்தித் தேய்த்துவிட்டு, மேடுபள்ளமான சாலையில் இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து மெதுவாக ஓட்டுங்கள். எங்கே உரசுகிறதோ அங்கே வெள்ளை அப்பியிருக்கும். பொய் சொல்லாது. அதற்குப் பின்தான் அலைன்மென்ட். தாழ்த்தினால் பெரும்பாலான கார்களில் சக்கரத்தின் தலை உள்ளே சாயும், மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் டோ கோணமும் மாறும். அதைச் சரிசெய்யாமல் ஓட்டினால் வெளியிலிருந்து பார்க்கப் புது டயர், உள்விளிம்பிலோ ரப்பர் தேய்ந்து கம்பி தெரியும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொன்னது கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் கார் தணிக்கையில் எளிதாகக் கண்ணில் படும். அந்த 22.7-ஐ இன்னொரு முறை நினைத்துப் பாருங்கள்.

என் பழைய அலாய் வீல்களில் ஒன்று இன்னும் பட்டறையில் கிடக்கிறது. அதன்மேல் பலகை போட்டுத்தான் வாடிக்கையாளர்கள் உட்காருகிறார்கள். வணக்கம்.