படம் அப்படியே இருக்கிறது, பார்ப்பது மட்டும் மாறுகிறது! மூளைக்குள் என்ன நடக்கிறது?

வீடியோவைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு ஒரு தாளை எடுங்கள். ஒரு சதுரம் போடுங்கள். சற்றுத் தள்ளி, அதன் மேலேயே இன்னொரு சதுரம். மூலைக்கு மூலை கோடு போட்டு இணையுங்கள். பெட்டி தயாரா? சரி, கண்ணை எடுக்காமல் பாருங்கள். முன்னால் இருந்த பக்கம் திடீரென்று பின்னால் போய்விடும். கொஞ்ச நேரத்தில் திரும்பி வரும். தாளில் ஒரு கோடுகூட அசையவில்லை!

படிகங்களின் படங்களைப் பார்த்தபோது இதைக் கவனித்து 1832-இல் எழுதியவர் சுவிட்சர்லாந்தின் லூயி ஆல்பர்ட் நெக்கர்.

தட்டையான கோடுகளுக்கு இரண்டு அர்த்தமும் ஒரே அளவுக்குப் பொருந்துகின்றன. ஒவ்வோர் அர்த்தத்துக்கும் ஒரு நரம்பணுக் கூட்டம். ஒன்று மற்றதை அமுக்குகிறது. கபடி மாதிரிதான்: பாடிப் போனவருக்கு மூச்சு தீர்ந்தால் அடுத்த அணியின் முறை. ஜெயித்த கூட்டம் மெல்லச் சோர்கிறது. நரம்பணுக்களின் தற்செயலான சலசலப்பும் சேர்வதால் அடுத்த மாற்றம் எப்போது என்று துல்லியமாகச் சொல்ல முடியாது.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள். ஒரு கண்ணுக்கு ஒரு படம், மற்றக் கண்ணுக்கு வேறு படம் காட்டினால் பெரும்பாலும் இரண்டும் மாறி மாறித்தான் தெரியும். 1990-களில் நரம்பியல் ஆய்வாளர் நிக்கோஸ் லோகோதெட்டிஸின் குழு இதைக் குரங்குகளிடம் சோதித்தது. கதிர் விரியும் கோலம் தெரிந்தால் ஒரு நெம்புகோல், முகமோ வண்ணத்துப்பூச்சியோ தெரிந்தால் இன்னொன்று. குரங்கு சும்மா இழுத்தால்? அதற்குத்தான் படம் உண்மையிலேயே மாறும் சுற்றுகளை நடுவில் கலந்து வைத்தார்கள். தப்பாக இழுத்தால் அங்கே பிடிபட்டுவிடும். என்ன அருமையான யோசனை!

கண்ணிலிருந்து வரும் செய்தியை மூளையின் மேலடுக்கில் முதலில் வாங்கும் பார்வைப் புறணியில், சோதித்த நரம்பணுக்களில் சுமார் 5-இல் 1 மட்டுமே குரங்கு 'பார்த்ததோடு' சேர்ந்து மாறியது. உருவங்களை அடையாளம் காணும், மூளையின் பக்கவாட்டில் உள்ள பொட்டுமடலின் கீழ்ப்பகுதியிலோ சுமார் 10-இல் 9! கண்ணுக்குள் விழுவது வேறு, நமக்குத் தெரிவது வேறு என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டுமா?

மாற்றத்தைத் தொடங்கி வைப்பது யார்? மூளையின் முன்பகுதி என்று பலர் நம்பினார்கள், ஏனென்றால் காட்சி மாறும்போது ஸ்கேனில் அது பளிச்சென்று தெரிந்தது. 2014-இல் ஜெர்மனி ஆய்வாளர்கள், காட்சி மாறியதும் பொத்தானை அழுத்தச் சொல்லாமல், கண் அசைவையும் கண்ணின் நடுவிலுள்ள பாப்பாவின் அளவையும் வைத்தே மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். முன்பகுதியின் ஆரவாரம் பெருமளவு அடங்கிப்போனது. அப்படியென்றால் அதில் பெரும்பகுதி 'மாறிவிட்டது' என்று சொல்வதற்கான வேலைதான். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. நீங்கள் எந்தக் கட்சி? கமெண்டில் காரணத்தோடு எழுதுங்கள்.