புள்ளிக்கு ஒரு அடுப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

தேவகோட்டையில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், நான் சிறுபிள்ளையாக இருந்தபோது, நான்கு அடுப்பு எரியும். நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணம் ஆனால் வேறு வைத்துவிடுவார்கள். ஒரே முகப்பு, நடுமுற்றத்தைச் சுற்றிய ஒரே வளவு. அடுப்பும் அரிசிப் பானையும் செலவு நோட்டும் மட்டும் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு தம்பதிக்கும், ஒன்று.

பிற்பாடு பொருளாதாரம் படிக்கும்போதுதான் தெரிந்தது, நம் அரசின் நுகர்வுச் செலவு ஆய்வும் அடுப்படியை வைத்தே குடும்பத்தை எண்ணுகிறது என்று. சேர்ந்து வாழ்ந்து ஒரே அடுப்பில் சாப்பிடுபவர்கள் ஒரு குடும்பம். எங்கள் வீட்டை நான்கு குடும்பம் என்றுதான் எழுதியிருப்பார்கள்.

அப்பத்தாவின் நோட்டு இன்னும் கண்ணில் நிற்கிறது. சொந்த வயல் நெல்லுக்கும் அன்றைய விலையைப் போட்டுச் செலவில் எழுதுவார். "காசு கொடுக்கலையே அப்பத்தா" என்றால், "தின்னது தின்னதுதானே" என்பார். ஆய்விலும் அதே முறைதான். வீட்டில் விளைந்ததற்கும் விலை உண்டு. ஆனால் சொந்த வீட்டில் இருப்பவர் வாடகைக்கு இருந்தால் எவ்வளவு கொடுப்பார் என்ற மதிப்பை நம் ஆய்வு மொத்தச் செலவில் சேர்ப்பதில்லை. நாட்டுக்கு நாடு ஒப்பிடும்போது பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

2023-24 ஆய்வின்படி இந்தியக் கிராமத்தில் ஓர் ஆளின் மாதச் செலவு 4,122 ரூபாய், நகரத்தில் 6,996. இதை அப்படியே டாலராக மாற்றிப் பார்த்தால் நெஞ்சு பதறும். பதற வேண்டாம். சந்தையில் ஒரு டாலருக்கு எண்பது ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும், அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் சாமான் இங்கே சுமார் இருபது ரூபாய்க்கே கிடைத்துவிடுகிறது. உலக வங்கி போடும் வாங்கும் திறன் கணக்கு இது.

அதனால் நான் பங்கைத்தான் பார்ப்பேன். நூறு ரூபாயில் சாப்பாட்டுக்கு எவ்வளவு? நம் கிராமத்தில் 47, நகரத்தில் 40. அமெரிக்காவில் 13தான், ஓட்டல் சாப்பாடும் சேர்த்து. ஏழைக் குடும்பத்தில் உணவின் பங்கு பெரிதாக இருக்கும் என்று 1857இலேயே ஜெர்மன் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் எழுதிவிட்டார். பெல்ஜியத் தொழிலாளர் வீட்டுக் கணக்குகளைப் பார்த்து எழுதியது.

சரி, மிச்சம் எங்கே போகிறது? அமெரிக்கக் குடும்பத்தின் செலவில் மூன்றில் ஒரு பங்கை வீடே எடுத்துக்கொள்கிறது. நியூஜெர்சியில் இருக்கும் என் அண்ணன் மகளிடம் சம்பளத்தைக் கேட்கவில்லை, நூற்றுக்கு எவ்வளவு என்றுதான் கேட்டேன். "சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு, வீட்டுக்கு நாற்பது அத்தை" என்றாள். அப்புறம் அவளே கேட்டாள்: "நம்ம வளவு வீட்டுக்கு வாடகை போட்டா எவ்வளவு வரும்?"

அப்பத்தா நோட்டில் அந்த வரி இல்லை.