வாசிப்பவரும் வாசகரும்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் ஒரு பெந்தக்கோஸ்து ஞாயிறு, தூய ஆவியார் இறங்கிவந்ததைக் கொண்டாடும் நாள். திருப்பலிப் பூசை தொடங்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. "முதல் வாசகம் நீங்க படிச்சிடுங்க" என்று ஒருவர் காதருகே சொல்லிவிட்டுப் போனார். சரி என்று ஏறிவிட்டேன். விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் என்ற நூல், இரண்டாம் அதிகாரம், வரிசையாக அயல்நாட்டுப் பெயர்கள். பார்த்தர், மேதியர் வரை வண்டி ஓடியது. கப்பதோக்கியாவில் நாக்கு சிக்கியது. பம்பிலியாவைத் தாண்டுவதற்குள் வியர்த்துவிட்டது. "இது ஆண்டவர் வழங்கும் அருள்வாக்கு" என்ற கடைசி வரி மட்டும் கணீரென்று வந்தது, முடிந்துவிட்டதே என்ற நிம்மதியில்.

அன்று நான் வாசித்தேன், ஆனால் வாசகர் ஆகவில்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 230-ஆம் சட்டம் இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. அவ்வப்போது கேட்டுக்கொள்ளப்பட்டு வாசிப்பது ஒன்று. ஆயர், அதாவது மறைமாவட்டத் தலைவர், ஒரு சடங்கில் நிலையாக ஏற்படுத்தும் வாசகர் பணி இன்னொன்று. பலிபீடத்தில் குருவுக்கு, அதாவது பாதிரியாருக்கு, உதவும் பீடத்துணைவர் பணியும் இதே வகைதான்.

முன்பெல்லாம் இவை குருவாகப் போகிறவர் ஏறும் படிகள். வாயில்காப்போர், வாசகர், பேயோட்டுபவர், பீடத்துணைவர் என்று நான்கு சிறு பட்டங்கள் இருந்தன. திருத்தந்தை ஆறாம் பவுல் 1972 ஆகஸ்ட் 15 அன்று வெளியிட்ட ஆணை இவற்றை எடுத்துவிட்டு, வாசகரையும் பீடத்துணைவரையும் மட்டும் வைத்துக்கொண்டது. அவற்றுக்குப் பட்டம் என்ற பெயர் போய், பணி என்ற பெயர் வந்தது. குருக்கள் அல்லாத சாதாரண மக்களான பொதுநிலையினருக்கும் கதவு திறந்தது, ஆண்களுக்கு மட்டும். நடைமுறையிலோ பெரும்பாலும் குருமாணவர்கள்தான் அந்தக் கதவு வழியாகப் போனார்கள். ஞாயிறுதோறும் வாசக மேடையில் நின்ற பெண்கள் எத்தனை பேர்! அவர்களுக்கு அந்தப் பணி இல்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2021 ஜனவரி 10 அன்று சட்டத்திலிருந்து 'ஆண்கள்' என்ற சொல்லை எடுத்தார். அதே ஆண்டு மே 10 அன்று விசுவாசத்தைக் கற்பிக்கும் மறைக்கல்வியாளர் பணியையும் நிறுவினார்.

சரி, சடங்கு நடந்தால் என்ன மாறுகிறது? பார்வைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பீடத்துணைவருக்கு ஒரு சின்ன வேறுபாடு உண்டு. நற்கருணை என்னும் திரு அப்பத்தை வழங்கியபின் பாத்திரங்களைத் தூய்மை செய்வது குருவின் வேலை, குருவுக்கு அடுத்த நிலையில் உள்ள திருத்தொண்டரின் வேலை. அவர்களோடு, இப்படி நிறுவப்பட்ட பீடத்துணைவரும் செய்யலாம். நற்கருணை வழங்க உதவும் மற்ற பொதுநிலையினர் செய்வதற்கில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது வாசகர் பணியில் இருக்கும் வேறொரு கடமை. ஆயர் அவர் கையில் திருவிவிலியத்தைக் கொடுக்கிறார், ஞாயிறு வாசிப்புக்கு மட்டுமல்ல. தேவைப்படும்போது, என்னைப்போல அவ்வப்போது வாசிக்கிறவர்களைத் தயார்செய்வதும் அவர் வேலை என்று 1972 ஆணையே சொல்கிறது. அப்படி ஒருவர் அன்று இருந்திருந்தால், சனிக்கிழமையே என்னை உட்காரவைத்துக் கப்பதோக்கியாவைப் பத்து முறை சொல்லவைத்திருப்பார். என்னைக் கேட்டால், ஒவ்வொரு பங்குக் கோவிலும் முதலில் தேட வேண்டியது இந்த ஆளைத்தான். குரல்வளம் உள்ளவரை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

இந்தப் பணிக்கு யாரையும் பிடித்துத் தள்ளவும் முடியாது. விரும்புகிறவர் தாமாகவே எழுதிக் கையொப்பமிட்டு விண்ணப்பிக்க வேண்டும். ஒரு முறை பெற்றால் போதும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதில்லை. சம்பளம் உண்டா என்று யாராவது கேட்பதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். இந்தப் பணியைக் காட்டி ஊதியம் கேட்கும் உரிமை கிடையாது. அதையும் அந்த 230-ஆம் சட்டமே எழுதிவைத்திருக்கிறது.

நன்றி, வணக்கம்.