மிச்சம் பிடிக்க வாங்கின தெர்மோஸ்டாட், ரெண்டு மடங்கா வந்த கரண்ட் பில்

வணக்கம் உறவுகளே, எல்லாரும் சுகமே? மாசியிலயே கிளிநொச்சி வெயில் மண்டையைப் பிளக்குது, இரணைமடுக் கட்டில நிண்டுதான் கதைக்கிறன், காத்து மைக்குக்குள்ள அடிச்சா குறை நினைக்காதீங்கோ. ஆனா இண்டைக்குக் கதை குளிரைப் பற்றி. சிரிக்காதீங்கோ.

கனடாவில இருக்கிற எங்கட அண்ணை போன கிழமை விடியக்காலமை வீடியோ கோல் எடுத்து, "டேய் தம்பி, நீ ஏசி பூட்டுறவன்தானே, இதை ஒருக்காப் பார்" எண்டார். ஹீட் பம்ப் போன வருசமே போட்டது, பில் ஒழுங்காத்தான் வந்துகொண்டிருந்தது, இந்த மார்கழியில காசு மிச்சம் பிடிக்கப்போறன் எண்டு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் ஒண்டு, அதுதான் வீட்டுச் சூட்டைத் தன்பாட்டில கூட்டிக் குறைக்கிற பெட்டி, வாங்கித் தானே பூட்டியிருக்கிறார், பில் ரெண்டு மடங்கு. அண்ணி ஒருபக்கத்தால பேச்சு.

ஹீட் பம்ப் பெரிய புதினம் ஒண்டும் இல்லை, எங்கட ஏசியேதான். இஞ்ச அறைச்சூட்டை வெளியில தள்ளும், அங்க வெளிக்குளிருக்குள்ள கிடக்கிற சூட்டையும் உறிஞ்சி உள்ளுக்குத் தள்ளும், கேஸ் ஓடுற பக்கத்தை மாத்த ஒரு வால்வு, அவ்வளவுதான். குளிர் கடுமையில்லாட்டி ஒரு யூனிட் கரண்டுக்கு மூண்டு யூனிட் சூடு கிடைக்கும். கடுங்குளிருக்குத் துணையா உள்ளுக்கு ஒரு ஹீட்டர் கொயில் இருக்கும், அது கேத்தல் மாதிரி, ஒண்டுக்கு ஒண்டுதான். அண்ணையிட கொயில் 10 கிலோவாட், ஒரு மணித்தியாலம் எரிஞ்சா 10 யூனிட்! எங்கட வீட்டில மாசம் 60 யூனிட் தாண்டினா ரேட் மாறுது எண்டு அம்மா ஃபானை நிப்பாட்டுறவா, அங்க அது ஆறு மணித்தியாலக் கணக்கு.

முதல்ல வயர் பிழையோ எண்டு நினைச்சு, பிரேக்கரை நிப்பாட்டிப்போட்டு தெர்மோஸ்டாட்டின்ர தட்டைக் கழட்டச் சொன்னன். அந்த வால்வை மாத்துற ஒரேஞ்ச் வயர் ஓ-பி எண்டு போட்ட இடத்திலதான் வடிவா இருந்தது. சரி, ஆப்பில ஹிஸ்டரியைக் காட்டுங்கோ எண்டன். அங்க பிடிபட்டுது. ஒவ்வொரு நாளும் காலமை 5.30 இல இருந்து எட்டு மணி மட்டும் ஒரு செம்மஞ்சள் பட்டை, "ஓக்ஸ் ஹீட்", எண்டா துணைச் சூடு. அந்தக் கொயில்! நாளுக்கு 25 யூனிட், ஆக்கள் நித்திரையால எழும்ப முதலே.

என்னெண்டா, இரவு 22 டிகிரியை 16க்கு இறக்கி விடிய ஏத்துற மாதிரி செட் பண்ணிக் கிடக்கு. கேஸ் எரிச்சு வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸுக்கு அது நல்லம்தான். ஹீட் பம்ப் ஆறு டிகிரியை ஆறுதலாத்தான் ஏத்தும், தெர்மோஸ்டாட்டுக்குப் பொறுமை இல்லை, உடன கொயிலைத் தட்டிவிடுது.

இரவும் பகலும் 21, படுக்கேக்க வேணுமெண்டா ஒரு டிகிரி குறையுங்கோ எண்டன். பேந்து செட்டிங்ஸில ஓக்ஸ் லொக்கவுட்டை மைனஸ் 5 ஆக்கினம், அதாவது வெளியில அதைவிடக் குளிர் குறைவெண்டா கொயில் எரியாது. எல்லா மெஷினுக்கும் இதே நம்பர் சரிவராது, உங்கட டெக்னீசியனைக் கேளுங்கோ. வெளி யூனிட்டில ஐஸ் உருக்கேக்க கொஞ்ச நேரம் எரிஞ்சா பயப்பிடாதீங்கோ, அது வழமை.

நேற்றுக் கதைக்கேக்க பட்டையைக் காணேல்லையாம், அண்ணிதான் இரவில வேர்க்குது எண்டு போர்வையை உதறுறாவாம். பில் வர இன்னும் மூண்டு கிழமை கிடக்கு, வந்த உடன காட்டுறன். பரந்தனில ஒரு ஏசி சேர்விஸுக்குப் போகோணும், வரட்டே.