டிஸ்கோவை வெடிவைத்துத் தகர்த்த ஊர்... அது மறுபிறவி எடுத்த கிடங்கு!

[திரை: கறுப்பு. தூரத்தில் ஒரு ரயில் சத்தம்.]

ரயில் எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். இப்போது நேராக விஷயத்துக்கு வருவோம்.

1979 ஜூலை 12. சிகாகோவில் கொமிஸ்கி பார்க் என்ற பேஸ்பால் மைதானம். அன்றைக்கு உள்ளே போக 98 சென்ட் போதும். கூடவே ஒரு டிஸ்கோ இசைத்தட்டையும் எடுத்துவர வேண்டும், அதாவது அப்போது ஊரையே ஆட வைத்த நடன இசைத் தட்டு. போட்டுக் கேட்கவா? வெடிவைத்துச் சிதறடிக்க!

கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஸ்டீவ் டால் என்று ஒரு ரேடியோ தொகுப்பாளர். அவர் வேலை பார்த்த நிலையம் முழுநேர டிஸ்கோவுக்கு மாறியதில் அவருடைய வேலை போயிற்று. அடுத்துப் போய்ச் சேர்ந்த நிலையத்தின் அலைவரிசை 97.9. அதை 98 ஆக்கினார்கள், டிக்கெட் விலை ரெடி. அன்றைக்கு நடக்கவிருந்த இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே ராணுவ உடையும் ஹெல்மெட்டுமாக ஜீப்பில் வந்து இறங்கினார் மனிதர். மைதானத்தில் ஒரு பெரிய பெட்டி நிறைய இசைத்தட்டுகள். டமார்! ஏறக்குறைய 50,000 பேர் கூட்டம். ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே குதித்துப் புல்தரையையே பெயர்த்துவிட்டார்கள். இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. எதிரணியான டெட்ராய்ட் டைகர்ஸ் மட்டையைத் தொடாமலே அந்த ஆட்டத்தை ஜெயித்துவிட்டது.

அந்த மைதானத்தில் ஆட்களுக்கு இருக்கை காட்டும் வேலையில் ஒரு கறுப்பினப் பையன் இருந்தான். வின்ஸ் லாரன்ஸ். சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தான். வந்து குவிந்த தட்டுகளைப் பார்த்தவனுக்கு ஒன்று உறுத்தியது. பல தட்டுகள் டிஸ்கோவே இல்லை. கறுப்பினப் பாடகர்களின் சோல், ரிதம் அண்ட் ப்ளூஸ் தட்டுகள். டிஸ்கோவைப் பிடிக்காது என்பதும் அதைப் பாடுகிறவர்களைப் பிடிக்காது என்பதும் அன்றைக்கு ஒன்றாகக் கலந்துவிட்டன என்பது என் கருத்து. தன் மனதில் அப்படி எதுவும் இல்லை என்று டால் மறுக்கிறார், அதையும் சொல்லிவிடுகிறேன். கமெண்டில் சண்டை போடுங்கள், ஆனால் மரியாதையாக.

இந்தப் பையன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவான்.

[திரை: மூன்று மாடிச் செங்கல் கட்டடம். 206, தெற்கு ஜெஃபர்சன் தெரு, சிகாகோ.]

வணக்கம் நண்பர்களே! அந்த மைதானத்திலிருந்து சில மைல் தூரத்தில் இருந்த கட்டடம் இது. இதற்குள் 1977இல் தொடங்கிய கிளப்பின் பெயர் 'வேர்ஹவுஸ்'. இன்று பெர்லினிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் வரை ஆட்டம் போட வைக்கிற ஹவுஸ் இசைக்குப் பெயர் வந்தது இங்கிருந்துதான்.

ஹவுஸ் மியூசிக் என்றதும் அம்மா சமையலறையில் முணுமுணுக்கிற பாட்டு என்று நினைத்தவர்கள் கை தூக்குங்கள். நானும் தூக்குகிறேன். அதில் இருப்பது வீடு இல்லை, வேர்ஹவுஸின் வால். கிடங்கு என்ற சொல்லில் பாதியை வெட்டி மீதியை ஓர் இசைக்கு வைத்துவிட்டார்கள். சும்மா ஒரு தகவல்: ஆங்கிலேயர் கிடங்குக்குச் சொன்ன 'கோடவுன்' என்ற சொல்லையே சொல்லாராய்ச்சிக்காரர்கள் பலர் மலாய் வழியாக நம் 'கிடங்கு', தெலுங்கின் 'கிட்டங்கி' வரை கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அந்தக் கிளப்புக்கு மட்டும் கோடவுன் என்று பெயர் வைத்திருந்தால் ராயல்டி கேட்டிருக்கலாம். போகட்டும்.

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கிலிருந்து வந்த ராபர்ட் வில்லியம்ஸ் கிளப்பைத் தொடங்குகிறார். டிஜேவாக முதலில் கூப்பிட்டது லாரி லெவானை. அவர் வரவில்லை, நியூயார்க்கிலேயே தங்கி பாரடைஸ் கராஜ் என்ற கிளப்பில் பெரிய ஆளானார். அவருடைய சிறுவயது நண்பர் ஃபிரான்கி நக்கிள்ஸ் வந்தார். பிராங்ஸில் பிறந்தவர், வயது 22. மூச்சு விட்டுக்கொள்கிறேன்.

உள்ளே வந்தவர்கள் யார் என்பதை மட்டும் ஓட்டிவிட முடியாது. பெரும்பாலும் கறுப்பின, லத்தீனோ இளைஞர்கள். அதிலும் தன்பாலீர்ப்பாளர்கள் அதிகம். மற்ற இடங்களில் வாசலிலேயே முகத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். இங்கே 4 டாலர் கொடுத்தால் சனிக்கிழமை இரவு நுழைந்து ஞாயிறு பகல் வரை ஆடலாம். மது கிடையாது. ஜூஸ், தண்ணீர், கொஞ்சம் கொறிக்க ஏதாவது, அவ்வளவுதான். விடிய விடிய ஆட்டம், குடிப்பது ஆரஞ்சு ஜூஸ்! நம் ஊர்க் கல்யாண வீடுகளில்கூட இவ்வளவு ஒழுக்கத்தை எதிர்பார்க்க முடியாது. (போதைப்பொருளே இல்லையா என்று கேட்காதீர்கள். ஜூஸ்தான் விற்றார்கள் என்று மட்டும் சொன்னேன்.)

சரி, ரயில். நள்ளிரவு தாண்டி ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது நக்கிள்ஸ் விளக்குகளை மொத்தமாக அணைத்துவிடுவார். கும்மிருட்டு. பாட்டு நின்றுபோகும். பிறகு ஒரு விரைவு ரயில் ஓடுகிற ஒலிப்பதிவு. சத்தம் ஒரு பக்கத்து ஸ்பீக்கரில் தொடங்கி மறுபக்கத்துக்குப் பாயும். இருட்டில், வியர்வையில், நூற்றுக்கணக்கானோர் நெருக்கியடித்து நிற்கிற அறைக்குள்ளே ரயில் புகுந்து போவது மாதிரி இருக்குமாம். அலறல். அப்புறம் பீட் திரும்ப வரும்.

[திரை: ஸ்பூல் டேப் மெஷின், சவர பிளேடு, மெழுகு பென்சில்.]

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள்.

மைதான வெடிக்குப் பிறகு டிஸ்கோவுக்குக் காலம் போய்விட்டது என்று பெரிய இசை நிறுவனங்கள் முடிவுகட்டின. 1981 வாக்கில் நடனப் பாட்டுப் பிரிவுகளையே இழுத்து மூடத் தொடங்கின. நக்கிள்ஸ் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு வாரமும் பன்னிரண்டு மணி நேரம் ஆட்டம் காட்ட வேண்டும்; புதுச் சரக்கு வருவதில்லை. கடையில் அரிசி இல்லை, வீட்டில் பந்தி நடக்கிறது. என்ன செய்வது? இருக்கிற மாவிலேயே புதுப் பலகாரம் சுட வேண்டியதுதான்.

ஒலிப்பதிவுத் தொழில் படித்த ஒரு நண்பர் துணைக்கு வந்தார். பழைய டிஸ்கோ பாட்டை ஸ்பூல் நாடாவில் பதிவார்கள். பாட்டில் எந்த இடம் வந்தால் கூட்டம் கத்துகிறது? பாடகர் ஒதுங்கி டிரம்மும் பேஸும் மட்டும் ஓடுகிற இடம். தட்டில் அது கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். அதை நீட்ட வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஸ்டுடியோவில் வழக்கமான ஒரு வேகம், விநாடிக்கு 15 அங்குல நாடா. நிமிடத்துக்கு 120 பீட் உள்ள பாட்டு என்றால் ஒரு பீட்டுக்கு அரை விநாடி, அதாவது ஏழரை அங்குலம். நான்கு பீட் சேர்ந்த ஒரு பாருக்கு 30 அங்குலம். எட்டு பார் நீட்ட வேண்டுமா? இருபது அடி நாடா! தாளத்தை ஸ்கேல் வைத்து அளக்கலாம். இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று நான் வீட்டில் அளவு டேப்பை எடுத்துக் கூடத்தை அளந்தேன். எங்கள் கூடம் ஆறு பார்தான்.

வெட்டுவது எப்படி? இரண்டு சுருளையும் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைப்பார்கள். கண்ணால் எதுவும் தெரியாது, காதுதான். டிரம் அடி விழுகிற இடத்தில் 'வ்வூப்' என்று அடித்தொண்டையில் ஒரு சத்தம் வரும். அந்த இடத்தில் நாடாவின் முதுகில் மெழுகு பென்சிலால் ஒரு கோடு. எடுத்துச் சாய்வுப் பள்ளம் உள்ள ஒரு சின்னக் கட்டையில் படுக்கவைத்து, பிளேடால் ஒரே இழுப்பு. வெட்டு ஏன் சாய்வு? நேராக வெட்டினால் ஒட்டிய இடம் 'டக்' என்று கேட்கும்; சாய்த்தால் ஒரு ஒலி இன்னொன்றுக்குள் வழுக்கிப் போய்விடும். அப்புறம் ஒட்டுநாடா, நகத்தால் ஒரு தேய்ப்பு. இதையே திரும்பத் திரும்ப. கேசட் நாடா சிக்கிப் பென்சில் விட்டுச் சுற்றிய தலைமுறைக்கு அந்த விரல்களின் பொறுமை புரியும். இன்றைக்கு லேப்டாப்பில் இரண்டு பொத்தான் அழுத்தினால் முடிந்தது.

அப்படி அவர் தட்டிக்கொட்டிப் பார்த்த பாட்டுகளில் ஒன்று, ஃபர்ஸ்ட் சாய்ஸ் குழுவின் 'லெட் நோ மேன் புட் அசண்டர்'. 1983இல் அவருடைய ரீமிக்ஸாகவே அது இசைத்தட்டில் வெளிவந்தது. கேட்டுப் பாருங்கள், பேஸ் எப்படி விடாமல் சுற்றிச் சுற்றி வருகிறது என்று.

என்னைக் கேட்டால் ஹவுஸ் இசை பிறந்தது பஞ்சத்தில். யாரும் உட்கார்ந்து புது இசை கண்டுபிடிக்கவில்லை. தட்டு வருவது நின்றது, ஆட்டம் நிற்கவில்லை.

பெயர் வந்த கதை இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது. ஒன்று, இம்போர்ட்ஸ் எட்செட்ரா என்ற இசைத்தட்டுக் கடையில் 'வேர்ஹவுஸில் போட்டது இருக்கிறதா' என்று ஆட்கள் வந்து கேட்க, கடைக்காரர்கள் அந்தத் தட்டுகளைத் தனியே அடுக்கிச் சீட்டு ஒட்ட, சீட்டு சுருங்கிச் சுருங்கி 'ஹவுஸ்' ஆயிற்று. இன்னொன்று நக்கிள்ஸே சொன்னது. நகரின் தெற்குப் பக்கம் காரில் போகும்போது ஒரு மதுக்கடை ஜன்னலில் 'இங்கே ஹவுஸ் மியூசிக் ஒலிக்கும்' என்ற பலகை. அதென்ன என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர், 'நீங்கள் வேர்ஹவுஸில் போடுவதுதான்' என்றாராம். தன் பிள்ளைக்குப் பெயர் வைத்ததே தெரியாத அப்பா!

1982இல் வில்லியம்ஸ் நுழைவுக் கட்டணத்தை இரட்டிப்பாக்கினார். நக்கிள்ஸ் கிளம்பிப் போய் பவர் பிளான்ட் என்று சொந்தமாக ஒன்றைத் தொடங்கினார். அங்கே டெட்ராய்ட் இசைக்கலைஞர் டெரிக் மே விற்ற ரோலண்ட் டிஆர்-909 டிரம் மெஷின் வந்து சேர்ந்தது. பழைய பாட்டுகளுக்கு அடியில் அதன் 'தும் தும் தும் தும்' ஓடத் தொடங்கியது.

1984இல் 'ஆன் அண்ட் ஆன்' என்ற தட்டு வருகிறது. முதல் ஹவுஸ் தட்டு என்று பலரும் கைகாட்டுவது அதைத்தான். ஜெஸ்ஸி சாண்டர்ஸ் அதை யாரோடு சேர்ந்து உருவாக்கினார் தெரியுமா? வின்ஸ் லாரன்ஸ். ஆமாம், மைதானத்தில் இருக்கை காட்டிய அதே பையன்! இந்த இடத்தில் ஒரு லைக் போடாவிட்டால் எப்போது போடுவீர்கள்?

அந்த நாட்களில் சிகாகோவின் ட்ராக்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் பழைய தட்டுகளை அரைத்து உருக்கிப் புதுத் தட்டு அச்சடித்தது. அதனால்தான் முதல்கால ஹவுஸ் தட்டுகள் பலவற்றில் ஒரே கரகரப்பு. மைதானத்தில் வெடித்த தட்டுகளில் ஏதாவது அதற்குள் வந்திருக்குமோ என்று நினைத்துப் பார்ப்பேன். ஆதாரம் எதுவும் இல்லை, ஆசைதான். நக்கிள்ஸ் வேறு, ஹவுஸ் என்பது டிஸ்கோவின் பழிவாங்கல் என்று சொல்லிவைத்திருக்கிறார்.

[திரை: தெருப் பெயர்ப் பலகை.]

2004இல் ஜெஃபர்சன் தெருவின் அந்தப் பகுதிக்கு ஃபிரான்கி நக்கிள்ஸ் பெயரை வைத்தார்கள். அதற்கு முயன்றவர்களில் ஒருவர், அப்போது மாநில செனட்டராக இருந்த பராக் ஒபாமா. நக்கிள்ஸ் 2014இல் காலமானார். வக்கீல் அலுவலகமாகக்கூட ஓடிய அந்தக் கட்டடம் கைமாறப்போகிறது என்றதும் ரசிகர்கள் மனு போட்டார்கள். 2023 ஜூனில் சிகாகோ நகராட்சி அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கும்: நக்கிள்ஸ் போன பிறகு வில்லியம்ஸ் என்ன செய்தார்? மியூசிக் பாக்ஸ் என்று இன்னொரு கிளப்பைத் திறந்து ரான் ஹார்டி என்ற டிஜேவைக் கொண்டுவந்தார். ஹார்டி ஒருநாள் இரவு யாருமே கேட்டிராத ஒரு விசித்திரமான டேப்பைப் போட்டார். ஆட்கள் ஆடுதளத்தை விட்டு நகர்ந்தார்கள். திரும்பப் போட்டார். மறுபடியும். நான்காவது தடவை கூட்டத்துக்கு வெறி பிடித்துவிட்டது. அந்த டேப்தான் அடுத்த வீடியோ. மணியை அமுக்கிவிட்டுப் போங்கள்.

[திரை: கறுப்பு. ரயில் சத்தம், இடமிருந்து வலமாக.]